கையிருப்பை பஸ் ஸ்டாப்பில் எழுதி வைத்தோம்

குடியிருப்போர் நலச் சங்கங்களில் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கணக்கு எழுதும் வேலை என்றுதான் சொல்வீர்கள். நானும் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பருப்பு மில்லில் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், சங்கக் கணக்கு என்ன பெரிய கணக்கு என்ற நினைப்பு எனக்கு. கூட்டுவதும் கழிப்பதும் எல்லோருக்கும் வரும். கூட்டி முடித்த கணக்கை யாருக்குக் காட்டுவது, எதுவரை காட்டுவது என்று வரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். இதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லித் தந்தார்கள், அதுவும் இலவசமாக இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் நகர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்னமும் யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துவிடுவார்கள், ஏன் என்று போகப் போகத் தெரியும். பருத்தி போட்ட மானாவாரிக் காட்டை மனை பிரித்து விற்ற இடம் அது. டவுனில் கடை வைத்திருப்பவர்கள், வாத்தியார்கள், மில் சூப்பர்வைசர்கள் என்று கலவையாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது தண்ணீர்க் கஷ்டம் ஒன்றுதான். பழைய போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்று விட ஆரம்பித்திருந்தது. லாரித் தண்ணீரை நம்பிக் குடங்கள் வரிசையில் நின்றன. புது ஆழ்குழாய்க் கிணறு போடுவதற்காக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து பேங்கில் போட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பணத்துக்குப் பொருளாளர் முத்துமாரி. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வேலையில் கறார். பத்து ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்தால்கூட என்னிடம் சீட்டு கேட்பாள், சீட்டு தராத ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போவாள். அந்த வருஷம் அவள் வீட்டுக்கு மாடி எடுத்தாள். அதே வருஷம் எங்கள் நகரில் இன்னும் சில வீடுகளும் மாடி எடுத்தன. எல்லோரும் லோனு வாங்கித்தான் எடுத்தார்கள். ஆனால் பேச்சு வந்தது முத்துமாரி மாடியைப் பற்றி மட்டும்தான்.

பேச்சைக் கிளப்பியவர் தங்கவேலு. டவுனில் உரக்கடை வைத்திருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் இருக்கிறதே, அது அவருடைய கடையைவிடப் பெரியது. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம போருக்குக் குடுத்த காசு எங்கய்யா போச்சுன்னு யாரும் தேட வேண்டாம். அந்தா, மாடியா நிக்கிது பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். கூட இருந்த ஒருவர், "அவுக ஆத்தா எங்க காட்டுல களையெடுத்தவுக. இப்ப மாடியில ஏறி நின்னு துணி காயப்போடுறாக" என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏழு தெருவுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

முத்துமாரி டியூட்டி முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு நேரே சங்க அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யக்கா, எங்கம்மா களையெடுத்தது நெசம். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா களையெடுத்தவ மக கையில நாலு காசு இருந்தா அது திருட்டுக் காசாத்தான் இருக்கும்னு சொல்றாக பாருங்க, அத எப்படிக்கா பொறுத்துக்கிறது? எம்பேருல விழுந்த இந்தப் பழி போகணும். போகலன்னா வீட்ட வித்துட்டு ஆஸ்பத்திரி குவாட்டர்ஸுக்கே போயிருவேன். அங்க தண்ணியாச்சும் வருது."

கடைசி வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவ்வளவு கோபம். அந்த டீக்கடைக்கு அப்போதே போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. மேனேஜர் சண்டைக்குப் போனால் சங்கம் இரண்டாகப் பிளக்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

தலைவர் மாணிக்கம் அண்ணாச்சி மளிகை மொத்த வியாபாரி. எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஊரில் பார்த்த வைத்தியம் ஒன்று இருக்கும். "இதுக்கு எதுக்கு மண்டையப் போட்டு ஒடைக்கிறீக? எங்க ஊர்ல பொங்கல் திருவிழா முடிஞ்சா வரவு செலவ நோட்டீஸா அடிச்சு கோயில் வாசல்ல ஒட்டுவோம். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். நாமளும் நம்ம கணக்க ஒரு ஃப்ளெக்ஸா அடிச்சு வாசல்ல கட்டுவோம். ஊரே பாக்கட்டும்."

முத்துமாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படியே மாசச் சந்தா கட்டாதவுக பேரையும் கீழ போட்டுருவோம். மானம் போகும், ஓடியாந்து கட்டுவாக."

"போடலாம் அண்ணாச்சி. வீட்டு நம்பர் வரிசையில போட்டாலும் சரி, பாக்கி வரிசையில போட்டாலும் சரி, மொதல்ல உங்க பேருதான் வரும்" என்றேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "அது அவுகவுக வீட்டு விசயம். அதப் போயி வெளிய போடலாமா?" என்றார். அன்று மாலையே அவர் கடைப் பையன் வந்து பாக்கியைக் கட்டிவிட்டுப் போனான். ஒரு வீட்டுப் பாக்கி அந்த வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்ற பாடத்தை அண்ணாச்சி அன்று எங்களுக்கு அனுபவத்தோடு எடுத்துச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸ் வந்தது. அடித்த பையனுக்குக் கட்சி போர்டும் கல்யாண போர்டும் அடித்தே பழக்கம். அதனால் அண்ணாச்சி கும்பிட்டபடி பாதி போர்டை அடைத்துக்கொண்டு நின்றார். மீதிப் பாதியில் வரவும் செலவும் பொடி எழுத்தில் இருந்தன. கடைசியில் கையிருப்பு மட்டும், கபடிப் போட்டிக்கு முதல் பரிசு அறிவிக்கிற மாதிரி, சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது: ரூபாய் ஆறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

அதை நகர் வாசலில் கட்டினோம். எங்கள் நகர் வாசலும் பஸ் ஸ்டாப்பும் ஒன்றுதான். வீரசோழன் பஸ்ஸும் பரளச்சிப் பக்கம் போகிற பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. முத்துமாரி டியூட்டிக்குப் போகும்போது போர்டுக்கு நேர் கீழே தலை நிமிர்ந்து நின்றாள். தங்கவேலு ஸ்கூட்டரை நிறுத்திப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். பார்த்தீர்களா என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாவது நாள் கபடிக் குழு வந்தது. எங்கள் நகருக்கும் அவர்கள் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்தார்களாம். நன்கொடை ரசீதில் தொகையையும் எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். "உங்களுக்கு எதுக்குச் செரமம்னு நாங்களே எழுதிட்டோம்" என்றார் அவர்களில் மூத்தவர். அடுத்து ஒரு கோயில் முளைப்பாரி. அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. கன்னுக்குட்டி வாங்க லோனு கிடைக்குமா என்று ஒரு பெரியவர் ஆதார் கார்டோடு வந்து திண்டாட வைத்தார். இல்லை என்றதும், "பெறகு எதுக்கு வாசல்ல எழுதிப் போட்டிருக்கீக?" என்று திட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. காதணி விழா, மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற வசந்த விழா, புதுமனைப் புகுவிழா. யாரென்றே தெரியாத வீடுகள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து, "தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும்" என்று கும்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைத்தால் மொய் செய்யாமல் இருக்க முடியாது, செய்த மொய் திரும்பி வர வேண்டுமென்றால் நாம் ஒரு விசேஷம் வைக்க வேண்டும். சங்கம் யாருக்குக் காது குத்தும்? அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் படம் போர்டில் இருந்ததால் பாதிப் பேர் நேரே அவர் கடைக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

கோயில் கணக்கை வாசலில் ஒட்டலாம். அந்தப் பணத்தில் கைவைக்க நினைப்பவனுக்குச் சாமி பயம் இருக்கும். சங்கப் பணத்துக்குக் காவலாக எந்தச் சாமி அரிவாளோடு நிற்கிறது? இதை அண்ணாச்சியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தொல்லைதான். உண்மையான அடி போர் வண்டிக்காரர்களிடமிருந்து வந்தது. விலை கேட்டு முதலில் ஒருவரை வரவழைத்தோம். இடத்தைச் சுற்றிப் பார்த்தார், எத்தனை அடி என்று கணக்குப் போட்டார், மோட்டார், குழாய், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து விலை சொன்னார்: ஆறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

"மிச்சம் முந்நூத்திப் பதினெட்டு இருக்கே?" என்றேன்.

"அது உங்க டீச் செலவுக்கு இருக்கட்டும்மா" என்றார், பெரிய மனசோடு.

இரண்டாவது ஆளும் அதே விலை. மூன்றாவது ஆள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போர்டைப் படித்துவிட்டார். விலையைச் சொல்லிவிட்டு, "போர்டு வச்சு நாளாச்சு போலயே, வட்டி ஏறியிருக்குமே?" என்று கேட்டார். வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று யாருமே பார்க்கவில்லை. எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

அன்று மாலை கமிட்டி கூடியது. போர்டை உடனே கழற்ற வேண்டும் என்றார் அண்ணாச்சி. முத்துமாரி எழுந்து நின்றுவிட்டாள்.

"கழட்டுங்க அண்ணாச்சி. நாளைக்கு டீக்கடையில என்ன சொல்வாகன்னு நான் இப்பவே சொல்றேன். 'போர்டக் கழட்டிட்டாக, காசு காலியாயிருச்சு போல'ம்பாக. போர்டு இல்லாதப்ப சந்தேகமா இருந்தது, கழட்டுனா உறுதியாயிரும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. போர்டு இருந்தால் தண்ணீர்ப் பணம் போகும். கழற்றினால் அவள் பேர் போகும், அவளும் போய்விடுவாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பளம் வாங்குகிறவர் நீங்கள்தானே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு மாலை வரும். அந்த நேரத்தில் பதிலைத் தேடாதீர்கள், என்ன நடந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் பார்த்தது இதுதான். சம்பந்தமே இல்லாதவர்களுக்கெல்லாம் எங்கள் கையிருப்பு தெரிந்துவிட்டது. ஆனால் சந்தா கட்டிய ஒருவர்கூட அதுவரை ஒரு பில்லையும் கண்ணால் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டவர் போர்டைப் படித்து வாயை மூடினாரே தவிர, நம்பினார் என்று யார் சொன்னது? போர்டில் இருப்பது நாங்கள் எழுதிய எண். திருடுகிறவனும் அதே எண்ணை இன்னும் அழகாக எழுதுவான்.

"போர்டு இருக்கட்டும். அதுல இருக்குறத மாத்துவோம்" என்றேன். "போர் போடப்போறோம், வேலை நடக்கும்போது பாதை அடைபடும்னு ரோட்டுல போறவுகளுக்குச் சொல்லுவோம். அவுகளுக்கு அது போதும். உறுப்பினருக்கு பேங்க் பாஸ்புக், பில்லு, போர்க்காரவுக குடுத்த விலை எல்லாத்தையும் தெனம் சாயங்காலம் இந்த மேசையில விரிச்சு வச்சிருவேன். யாரும் வரலாம், எதையும் பொரட்டலாம். அந்தச் சேதியையும் போர்டுலயே போட்டுருவோம், மறைக்கிறோம்னு யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஒண்ணு. போருக்கு விலை பேசுற பொறுப்ப தங்கவேலு அண்ணன்கிட்ட குடுங்க."

"எம்மேல பழி போட்ட ஆளுகிட்டயா?" என்றாள் முத்துமாரி.

"அவருகிட்டதான். ஒரு ரூபா கூடப் போனாலும் மொதல்ல மோப்பம் பிடிக்கிற ஆளு அவருதான்."

அவள் சம்மதித்தாள், அரை மனசோடு. புது போர்டு ஏறியது. அண்ணாச்சி படம் மட்டும் போகவில்லை, அதில் அவர் பிடிவாதமாக இருந்துவிட்டார்.

தினமும் மாலையில் மேசையில் எல்லாவற்றையும் விரித்துவைத்தேன். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, "எங்களுக்கு நம்பிக்கை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளையும் தொடாமல் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டுவதற்கு இருக்கிற நேரம் படிப்பதற்கு இல்லை இந்த ஜனங்களுக்கு.

தங்கவேலு மட்டும் வேலையில் இறங்கிவிட்டார். அழுக்கு வேட்டி, தோளில் துண்டோடு விருதுநகர்ப் பக்கம் ஒரு போர் வண்டிக்காரரிடம் போய், பரளச்சியில் தன்னுடைய காட்டுக்குப் போர் போட வேண்டும், விளைச்சல் இல்லை, கையில் காசு இல்லை என்று அழாத குறையாகப் பேசியிருக்கிறார். மூன்று தடவை எழுந்து வந்து, மூன்று தடவை திரும்பிப் போய், மற்றவர்கள் கேட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய விலைக்கு முடித்துவிட்டார். வண்டி எங்கள் நகருக்குள் வந்து நின்றதும் அந்த ஆள் மாடி வீடுகளைப் பார்த்து அரண்டுபோனார்.

"காடுன்னு சொன்னீகளே?"

"காடாத்தான இருந்துச்சு" என்றார் தங்கவேலு.

தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்புதான். ஆனால் வந்தது. பெண்கள் மேலே தெறித்த சேற்றைத் துடைக்காமல் நின்று பார்த்தார்கள். முத்துமாரி அன்று லீவு போட்டிருந்தாள். ஊரெல்லாம் தங்கவேலுவைப் புகழ்ந்தது, ஒரு வாரம்.

அடுத்த வாரம் அவர் அலுவலகத்துக்குள் மூச்சு வாங்க ஓடிவந்தார். முத்துமாரியும் அப்போது அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேனேஜரம்மா, அந்தப் பழைய மாதிரி போர்டு ஒண்ணு அடிங்க. கணக்க பூராம் போடுங்க. பெருசாப் போடுங்க!"

"என்னண்ணே ஆச்சு?"

"டீக்கடையில பேசுறாக. இம்புட்டு கொறச்ச வெலைக்கு எவனாச்சும் போர் போடுவானா, மட்டமான குழாயப் போட்டு மிச்சத்துல கைய வச்சிருக்காருங்கிறாக. கமிசன் எம்புட்டுன்னு எங்கிட்டயே கேக்குறாக. எம்பொண்டாட்டி கேக்குறா!"

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முத்துமாரியைப் பார்த்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னாள்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கூட்டம். அண்ணாச்சி நன்றி சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு குரல் வந்துவிட்டது. "கமிசன் எம்புட்டுன்னும் சொல்லிருங்க, கையோட கையா!" நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கவேலு எழுந்தார், வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. அவ்வளவு பெரிய வாயிலிருந்து பேச்சு வராததை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

முத்துமாரி எழுந்தாள். இனி இவர் தொலைந்தார் என்று நினைத்தேன்.

"அவுக ஒத்த ரூபா எடுக்கல. மோட்டார் பில்லு, குழாய் பில்லு, வண்டி வாடகை எல்லாத்தையும் நான் பாத்தேன். கடைக்குப் போன் போட்டும் கேட்டேன். ஒவ்வொரு பில்லும் சாயங்காலம் சாயங்காலம் அந்த மேசையிலதான் கெடக்கு. கமிசன் கேட்டவுக அதுல ஒண்ணையாச்சும் பாத்தீகளா?"

பின்வரிசைக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தங்கவேலு நின்றபடியே அவளைப் பார்த்தார். "தாயி, உன்னையப் பேசுனப்ப நான் உன் பில்லு ஒண்ணையும் பாத்ததில்ல" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"தெரியும்ணே" என்றாள் முத்துமாரி. "பாத்திருந்தா பேசியிருக்க மாட்டீகல்ல."

மறுநாள் மாலை, பில்லைப் புரட்ட வந்தவர்களுக்கு அலுவலகத்தில் உட்கார இடமில்லாமல் போய், பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது.